ஆக்டிவாவில் நிற்குமா என்று பார்த்துத்தான் ஆம்ப் வாங்கினேன்

சென்னையில் மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகருக்கு நான் போவது ஆக்டிவாவில். முதுகில் கிட்டார், குறுக்கே ஒரு ஜோல்னாப் பை, கால் வைக்கும் இடத்தில் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. இத்தனையையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்குத் திரு.வி.க. பாலத்தைத் தாண்ட முடிந்தால்தான் அது எனக்கு ஆகிற ஆம்ப். எத்தனை வாட்ஸ், எத்தனை அங்குல ஸ்பீக்கர் என்பதெல்லாம் அதற்கப்புறம். இந்த ஞானம் வர மூன்று வருஷமும் இரண்டு தப்பான ஆம்ப்பும் ஆயின.

இப்போது என்னிடம் இருப்பது ரோலண்ட் ஏசி-33 என்ற அகூஸ்டிக் கிட்டார் ஆம்ப். வேளச்சேரியில் ஒருவர் பெங்களூருக்கு வீடு மாற்றிப் போகும்போது விற்றார். பதினாறாயிரம் சொன்னார், 13,500 ரூபாய்க்கு முடிந்தது. ஒன்றரை வருஷமாக வாசிக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் அதற்கு முன்னால் பட்ட பாட்டைச் சொல்லாமல் இது ஏன் பிடித்தது என்று சொல்ல முடியாது.

பகலில் எனக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் ஃபைல் பார்க்கிற வேலை. சனி ஞாயிறில் நானும் ஒரு தோழியும் பாடுவோம். அவள் குரல், என் கிட்டார், நடுநடுவே நான் இரண்டாம் குரல். பழைய சினிமாப் பாட்டுதான். வளைகாப்பு, பிறந்த நாள், அறுபதாம் கல்யாணம், மாதம் ஒரு தடவை ஆழ்வார்பேட்டையில் ஒரு காபி கடை. முப்பது பேர் உட்கார்ந்தால் அங்கே நிரம்பிவிடும். என் கிட்டார் யமஹா எஃப்எக்ஸ்310ஏ. இந்த ஊரில் கிட்டார் கிளாஸ் போன பாதிப் பேர் கையில் எஃப்310 இருக்கும், அதற்கே பிக்கப் (கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கான மின் சிக்னலாக மாற்றுவது) வைத்த தங்கச்சி இது.

முதல் ஆம்ப் சித்தப்பா பையன் அமெரிக்கா போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கான பத்து வாட் பெட்டி. சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதே, ஆசையாக மாட்டினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளேயிருந்து யாரோ பேசுவது மாதிரி இருந்தது. ட்ரெபிளை முழுக்கத் திருகினால் கம்பளிக்குள்ளேயே கொஞ்சம் கோபமாகப் பேசினார்கள், அவ்வளவுதான். கிட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் கவலைப்பட்டேன்.

கெட்டது ஒன்றுமில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் படுத்துவிடும். எலெக்ட்ரிக்குக்கு அது நல்லது, ஓவர்டிரைவ் போடும்போது வரும் கரகரப்பை அதுதான் மழுக்குகிறது. அகூஸ்டிக்கில், அதாவது என்னுடையது மாதிரி கூடு வைத்த மரக் கிட்டாரில், விரல் நகம் கம்பியைத் தொடும் சத்தம், மரத்தின் பளபளப்பு எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் அகூஸ்டிக் ஆம்ப்பில் தனியாக ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் வைக்கிறார்கள், இல்லாவிட்டால் மேல் ஸ்தாயியையும் சேர்த்துத் தரக்கூடிய ஸ்பீக்கர் போடுகிறார்கள். கடையில் ‘கிட்டார் ஆம்ப்’ என்று கேட்டால் பத்துக்கு எட்டு தடவை எலெக்ட்ரிக் ஆம்ப்பைத்தான் எடுத்து வைப்பார்கள். ‘அகூஸ்டிக் ஆம்ப்’ என்று வாய் திறந்து கேட்க வேண்டும்.

வீட்டு ஹோம் தியேட்டரில் மாட்டலாமே என்று என் கணவர் ஒரு யோசனை சொன்னார். தோழியின் கிட்டாரில் இருப்பது காசு மாதிரி ஒட்டுகிற பீசோ பிக்கப், பேட்டரி கிடையாது. அதை மாட்டிப் பார்த்தோம். தகர டப்பாவில் அரிசி கொட்டுகிற சத்தம். பேட்டரி இல்லாத பீசோவுக்கு எதிர்முனையில் குறைந்தது பத்து லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். பாட்டு கேட்கிற சிஸ்டத்தில் அது சில பத்தாயிரம் ஓம்களில்தான் இருக்கும், பேஸ் முழுக்க அங்கேயே செத்துவிடும். என் கிட்டாரில் சிக்னலைத் தூக்கிவிடும், பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் இருப்பதால் அது பரவாயில்லாமல் வந்தது. ஆனால் ஹோம் தியேட்டரைத் தூக்கிக்கொண்டு வளைகாப்புக்குப் போக முடியாதே.

இரண்டாவதாக வாங்கியது பெரிய அகூஸ்டிக் ஆம்ப். பெயர் வேண்டாம், செகண்ட் ஹேண்ட், பதினைந்து கிலோவுக்கு மேல். சத்தம் அருமை. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் நிகழ்ச்சிக்குக் கணவர் இறக்கிக் கொடுத்தார். இரண்டாவதற்கு வாட்ச்மேன் அண்ணன். மூன்றாவதற்கு நானே தூக்கினேன், அன்றைக்கு இடது கை நடுங்கி பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பிடி) சரியாகப் பிடிக்க வரவில்லை. ஆட்டோவுக்குப் போக வர 400 ரூபாய். அந்தக் காபி கடையில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுப்பதே 2,000 ரூபாயும் ஆளுக்கொரு சாண்ட்விச்சும்தான்.

அதைவிடப் பெரிய தொல்லை வீட்டில் அது போட்ட ‘உம்ம்ம்’ சத்தம். காலையில் ஆபீஸ் போகும் முன் அரை மணி நேரம் வாசிக்கலாம் என்று ஆன் செய்தால் தேனீக்கூடு மாதிரி உறுமும். கேபிளை மாற்றினேன். கிட்டாரை மாற்றினேன். ஜாக்கின் உலோகத்தைக் கையால் தொட்டால் மட்டும் சத்தம் குறையும். ஒருநாள் ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொன்னேன். ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எர்த்தே இல்லக்கா. ப்ளக்குல மூணு ஓட்டை இருக்கு, பின்னாடி ரெண்டு ஒயருதான் வருது.”

நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50-உம் அதன் மடங்கான 100-உம்தான் உறுமலாகக் கேட்கும். கிட்டாரில் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் மூன்றாவது கட்டத்தில், வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஆக நான் ஜி கார்டு பிடிக்கும் போதெல்லாம் மின்வாரியமும் கூடவே கொஞ்சம் சுருதி விலகிப் பாடியது. ஹவுஸ் ஓனரிடம் எர்த் போடச் சொன்னேன், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றார். எந்தப் பொங்கல் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எர்த் இல்லாத வீட்டில் ஷாக் அடிக்கிற ஆபத்தும் உண்டு, அதனால் எந்த ஆம்ப் வாங்குகிறவரும் முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ப்ளக் பாயின்டைப் பார்க்கச் சொல்வது நல்லது. பழைய மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் இருப்பவர்கள் முக்கியமாக.

பெரிய ஆம்ப்பை ஒரு சர்ச் கொயருக்கு விற்றேன். அங்கே அது நகரவே வேண்டாம், நன்றாக இருக்கிறதாம்.

மூன்றாவது தடவை விவரமாகப் போனேன். சென்னையில் வாத்தியம் என்றால் மவுண்ட் ரோடுதான் முதலில் ஞாபகம் வரும், 1842-இலிருந்து இருக்கிற மியூசி மியூசிகல் அங்கேதான். என் பிள்ளை டிரினிட்டி இசைத் தேர்வில் கிரேடு எழுதுகிறான், அதனால் அந்தப் பக்கம் போக்குவரத்து உண்டு. தி.நகர், புரசைவாக்கம் என்று மற்ற கடைகளும் ஏறினேன். ஒரு கடையில் கேட்டதும் பையன் ஆம்ப்பை ஆன் செய்து, கடைக் கிட்டாரை எடுத்து, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்பை முக்கால்வாசி திருகி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். தேவலோகம். ரிவெர்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து என் கிட்டாரை மாட்டினேன். தேவலோகம் சைதாப்பேட்டை ஆனது. (எனக்குச் சைதாப்பேட்டை பிடிக்கும், அது வேறு.)

என் சொந்தக் கிட்டார், சொந்தக் கேபிள், எல்லாக் குமிழும் நடுவில், எஃபெக்ட்ஸ் எதுவும் வேண்டாம். ஏ.சி.யை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் ஒன்றும் வாசிக்காமல் கேட்க வேண்டும், ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்று. வீட்டில் ராத்திரி வாசிக்கிறவர்களுக்கு அந்த இரைச்சல்தான் கூடவே வாழப் போகிற மாமியார். அப்புறம் மெதுவாக வாசிக்க வேண்டும். சத்தமாக எல்லா ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும், பேச்சுக் குரல் அளவுக்குக் குறைத்தால் பாதி செத்துவிடும். கடைசியாக ஆம்ப்புக்கு எதிரே உட்கார்ந்து, ஐந்தாவது கம்பியை எந்தக் கட்டத்திலும் அழுத்தாமல் அடித்துவிட்டு, வால்யூமை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அந்த ‘ஏ’ 110 ஹெர்ட்ஸ். பெரிய உடம்பு கிட்டார்களில் உள்ளே அடைபட்ட காற்று தானே அதிர்வது ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில். ஸ்பீக்கர் சத்தம் திரும்ப ஓட்டை வழியாக உள்ளே போய் அதையே கிளப்பும்போதுதான் ‘ஊஊ’ என்று கூவ ஆரம்பிக்கும். மைக் செட்காரர்கள் ஹவுலிங் என்பார்களே, அதுதான். எவ்வளவு வால்யூமில் கூவுகிறது, கூவினால் நிறுத்த அந்தப் பெட்டியில் என்ன வசதி இருக்கிறது என்பதைக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். சிலவற்றில் அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுக்கும் நாட்ச் குமிழ், சிலவற்றில் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்ச். ஒன்றுமே இல்லாவிட்டால் கிட்டார் ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி. சில நூறு ரூபாய்தான், பாதிப் பிரச்சினை தீரும்.

வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 30 வாட்டைவிட 60 வாட் இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பவர் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். அதனால் 30-க்கும் 60-க்கும் விலையில் இருக்கிற வித்தியாசத்தைக் காதில் தேடாதீர்கள்.

இப்போது ஏசி-33. எடை 4.7 கிலோ. அகலம் ஏறக்குறைய ஒரு அடி. ஐந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு, கரண்டில் ஓட்டினால் 30 வாட், பேட்டரியில் 20 வாட். பேட்டரி என்றால் சுவர்க் கடிகாரத்தில் போடுகிற அதே ஏஏ பென்சில் செல், எட்டு. ஆக்டிவாவில் என் இரண்டு காலுக்கும் நடுவில் உட்காரும், செருப்பு வைக்கவும் இடம் மிஞ்சும். முதல்நாள் மாமியார் பார்த்துவிட்டு, “ஏம்மா, இவ்ளோ பணம் குடுத்து டூ இன் ஒன் வாங்கியிருக்கே?” என்றார். பார்க்க அந்தக் காலத்து ரேடியோ-டேப் பெட்டி மாதிரிதான் இருக்கும்.

பேட்டரியில் ஓட்டும்போது அந்த உறுமல் சுத்தமாக இல்லை. சுவரோடு சம்பந்தமே இல்லையே. அன்றைக்குக் காலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஜி கார்டு அடித்தபோது, ஜி மட்டும் கேட்டது. ஹவுஸ் ஓனரை மனதுக்குள் மன்னித்தேன்.

என்னிடம் வந்தபோது அதன் அடாப்டர் இல்லை, விற்றவர் வீட்டு மாற்றத்தில் எங்கேயோ போய்விட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டேன். “வோல்ட்டு சொல்லுங்க, ஆம்பியர் சொல்லுங்க, நடுவுல ப்ளஸ்ஸா மைனஸா சொல்லுங்க” என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமலே. மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆம்ப்பின் பின்னால் ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாகப் படம் போட்டிருக்கும், அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கிட்டார் சாமான்களில் நடுமுனை மைனஸாக இருப்பது சகஜம், வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் ப்ளஸ். பொருந்துகிறதே என்று மோடத்தின் அடாப்டரைச் சொருகிப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம்.

சத்தம் எப்படி? ஐந்து அங்குல ஸ்பீக்கரில் ஆறாவது கம்பியின் அடிவயிற்று முழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. நடுப்பகுதி தெளிவு, மேல் கம்பிகள் கண்ணாடி மாதிரி. குரலுக்குத் துணையாக வாசிக்க அதுவே போதும், பேஸ் அதிகமிருந்தால் சின்ன அறையில் தோழியின் குரலை முழுங்கிவிடும். பாட்டில்லாமல் தனியாக ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களால் கம்பி கம்பியாக மீட்டுவது) வாசிக்கிறவர்களுக்கு இந்த பேஸ் போதாது. ஒரு கிட்டாரைப் பல கிட்டார் மாதிரி ஒலிக்க வைக்கும் கோரஸ் இருக்கிறது. அதைப் போட்டால் 1980-களின் சினிமா மழைக் காட்சி வந்துவிடுகிறது, நான் தொடுவதில்லை. கூவலை அடக்க ஆன்டி ஃபீட்பேக் பட்டன் உண்டு, காபி கடையில் சுவரோரம் ஒடுங்கி உட்காரும்போது அதுதான் மானத்தைக் காப்பாற்றுகிறது.

மைக் சேனல் ஒன்றுதான். நாங்கள் பாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒரே மைக்கில் இரண்டு தலை, பழைய ரேடியோ ஸ்டேஷன் படங்களில் நிற்பார்களே, அப்படி நிற்கிறோம். தோழிக்கு என்னைவிட அரை அடி உயரம் கம்மி. ஃபோட்டோவில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், கழுத்துக்கு நன்றாக இல்லை. இரண்டு குரலும் கிட்டாரும் சேர்த்துப் பாடுகிறவர்கள் வாங்கும்முன் சேனல் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லூப்பர். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும், 40 வினாடி வரை. எல்லோரும் இதில் கார்டு போட்டு மேலே லீட், அதாவது தனி மெட்டு, வாசிப்பார்கள். நான் அதைச் சுருதிப் பெட்டியாக்கிவிட்டேன். ஐந்தாவது கம்பியையும் நான்காவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டையும் மெதுவாக மாற்றி மாற்றி மீட்டினால் ஏ-யும் ஈ-யும், ஸ-வும் ப-வும். வினாடிக்கு ஒரு தட்டு என்று ஆதி தாளம் போட்டால் எட்டு வினாடிக்கு ஒரு ஆவர்த்தனம், 40 வினாடிக்குச் சரியாக ஐந்து. மடக்கும் இடத்தில் தாளம் உதைக்காது. அதன் மேல் கல்யாணி ராகம் வாசித்துப் பழகுகிறேன். மாமியார் மதியம் தூங்கும்போது ஹெட்ஃபோன். ஒருநாள் ஹெட்ஃபோன் ஜாக் சரியாக உட்காராமல் கல்யாணி ஹாலுக்கே போய்விட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், “அந்த பிரதி மத்யமம் கொஞ்சம் கம்மியா இருக்கு பாரு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெரிய இடத்துக்கு இது போதாது, போதவும் வேண்டாம். போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம், இருநூறு பேர். மைக் செட் அண்ணன் ஏசி-33-ஐ ஒரு பார்வை பார்த்தார், பார்த்தவிதம் சரியில்லை. அப்புறம், “அக்கா, உங்க பொட்டிலேர்ந்து ஒரு லைன் குடுங்க, நான் மிக்ஸர்ல வாங்கிக்கிறேன்” என்றார். பின்னால் லைன் அவுட் இருக்கிறது. கொடுத்தேன். மண்டபத்துக்கு அவர் பாக்ஸ், எனக்கு என் காலடியில் என் ஆம்ப், நான் வாசிப்பது எனக்குக் கேட்டது. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் மண்டபம் முழுக்க அமைதியானபோது, பேட்டரியில் இருந்த எங்கள் ஆம்ப் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசை மாமிகள் கைதட்டினார்கள். மைக் செட் அண்ணன் பிறகு வந்து மாடல் நம்பர் எழுதிக்கொண்டார்.

கார் வைத்திருப்பவர்கள், அடிக்கடி கச்சேரி போகிறவர்கள் ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினியைக் கேட்டுப் பாருங்கள். 60 வாட், ஆறரை அங்குல ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), தனி ட்வீட்டர், ஃபேஸ் ஸ்விட்சும் உண்டு, 9 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பேஸ் இதைவிட எங்கேயோ. கையில் காசு நிறைய இருந்தால் ஜெர்மன்காரர்களின் ஏஇஆர் காம்பேக்ட் 60, ஆறரை கிலோதான், ஆக்டிவாவிலும் நிற்கும். என் ஆக்டிவாவின் இன்றைய விலையைவிட அது அதிகம் என்பதால் நிறுத்திப் பார்க்கவில்லை. வெளியே எங்கும் வாசிக்கப் போவதில்லை, படுக்கையறையில் மட்டும்தான் என்றால் சின்ன அகூஸ்டிக் ஆம்ப் ஒன்று போதும், 30 வாட் வாங்கி முக்கால்வாசியைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும், அதன் எடையையும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

கடற்கரையில் வாசித்துவிட்டு வந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடைப்பேன். எலியட்ஸ் உப்புக்காற்று கிரில்லையும் ஜாக்கையும் சும்மா விடாது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் ஒரு தொல்லை. அல்கலைன் செல் எட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது என்று ரீசார்ஜ் செல் வாங்கினேன், ஒரு சார்ஜுக்கு எனக்கு இரண்டு காபி கடைச் சாயங்காலம் ஓடுகிறது. ஆனால் என்னிடம் இருக்கும் சார்ஜரில் ஒரே நேரத்தில் நாலுதான் போடலாம். அதனால் சனிக்கிழமை நிகழ்ச்சி என்றால் வெள்ளி ராத்திரி படுக்கப்போகும்போது முதல் நாலு, விடியற்காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது அடுத்த நாலு.